ஏழாம் நிலைகாட்டி நடுவில் காட்டிய பிற்பகல்

இளம் பணித்தோழர்களுக்கு,

மேம்படுத்தப்பட்ட நம் துகள்முடுக்கியில் துகள்கற்றை முதன்முறையாக ஓடிய நாளைப் பற்றிய பணியறிக்கையில், அந்தப் பிற்பகல் ஒரே வாக்கியமாகச் சுருங்கிக் கிடக்கிறது: ஏழாம் நிலைகாட்டியின் இணைப்பு ஒன்று தூய்மை செய்யப்பட்டது. வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அதைப் படித்து எவரும் எதையும் கற்றுக்கொள்ள இயலாது. சிற்றுண்டிச்சாலையில் உலவும் கதைகளோ வேறு வகை. பூசை போட்டதால் எந்திரம் எரியப் பார்த்தது என்கிறது ஒன்று. படித்த பெண் ஒருத்தி வந்து பூசையையே நிறுத்திவிட்டாள் என்கிறது மற்றொன்று. இரண்டும் உண்மையல்ல. அடுத்த மேம்பாட்டுப் பணி தொடங்கவிருக்கிறது. நாங்கள் அமர்ந்த நாற்காலிகளில் நீங்கள் அமரப் போகிறீர்கள். பொய்க்கதைகளை நம்பிக்கொண்டு அங்கே அமர்வது நல்லதன்று என்பதால் இதனை எழுதி வைக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எந்திரம் இயங்கும் முறையை உங்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. எங்கள் அச்சம் எந்த இடத்தில் குடிகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். மேம்பாட்டின் உயிர்ப்பகுதி, நியோபியம் என்னும் உலோகத்தால் ஆன புதிய முடுக்குக்கூடு. திரவ ஹீலியத்தில் குளிர்ந்து நிற்கும் அந்தக் கூட்டுக்குள் தூசு நுழைந்தாலே அது கெடும். காற்று புகுந்தால் சொல்லவே வேண்டாம். பல ஆண்டு உழைப்பில் உருவானது அது. மாற்றாக வைக்க இன்னொன்று எங்களிடம் இல்லை. அந்தக் கூட்டுக்குச் சற்று முன்னால், குழாய் விரிந்து சுருங்குவதற்காக ஒரு துருத்திக்குழாய் இருந்தது. அதன் சுவர் தாளைப் போல் மெல்லியது. கற்றை நடுவழியே சென்றால் கவலையில்லை. விலகி அந்தச் சுவரில் விழுந்து நின்றால், ஓட்டை விழும்; வெளிக்காற்று கூட்டுக்குள் பாயும்.

கற்றை கண்ணுக்குப் புலப்படாது. அது குழாயின் நடுவே செல்கிறதா என்று சொல்ல வழிநெடுகிலும் நிலைகாட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இடம், வலம், மேல், கீழ் என நான்கு உலோகத் தகடுகள். கற்றை எந்தத் தகட்டை நெருங்குகிறதோ அதில் குறிகை வலுக்கும். நான்கும் சமமாக இருந்தால் கற்றை நடுவில் இருக்கிறது என்று பொருள். துருத்திக்குழாய்க்கு முந்திய கடைசி நிலைகாட்டி, ஏழாவது.

இந்த நிலைகாட்டிகள் அனைத்தையும் வடிவமைத்துப் பொருத்தியவர் இசக்கியம்மாள். மும்பையின் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். தந்தை அங்கே தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பொறியாளராக எங்கள் நிலையத்தில் சேர்ந்து அவர் தகுதிகாண் பருவத்தின் இறுதியில் இருந்தார். அவர் பணியை நிலைப்படுத்தும் கோப்பு துறைத்தலைவரின் மேசையில் கையொப்பத்திற்குக் காத்திருந்தது. கற்றை ஓடும் நாளில் நிலைகாட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தபின் முடிவு செய்யலாம் எனத் தலைவர் சொல்லியிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இசக்கியம்மாளுக்கும் தெரியும்.

அன்று காலை, வழக்கம்போல் சுரங்கக்கூடத்தில் சிறிய பூசை நடந்தது. நடத்தியவர் மூத்த தொழில்நுட்பர் ஆறுமுகம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இசக்கியம்மாளின் தந்தையோடு ஒரே ஊரிலிருந்து வந்தவர் ஆகையால் மகளுக்கு மட்டும் மாமா. கிங்ஸ் சர்க்கிள் பூக்கடையில் கட்டி வாங்கிய சாமந்தி மாலையைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே நெருப்புக்கு இடமில்லை. ஆகவே சூடத்துக்குப் பதில் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு.

இயக்குமேசையில் அமரும் சாவந்த், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் கற்றவர். "சூடம் இல்லாம பூசை ஒரு பூசையா அண்ணாச்சி?" என்று சீண்டினார்.

"சாமி கோவிச்சுக்கிடாது சாவந்த். சூடம் கொளுத்தினா தீயணைப்புக்காரன்தான் கோவிச்சுக்கிடுவான். நீரு மொதல்ல செருப்பக் கழத்தும்."

எல்லோரும் சிரித்தோம். புதிய முடுக்குக்கூட்டுக்கு எதிரே வணங்கி நின்றோம். காந்தங்களுக்கும் நிலைகாட்டிகளுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டார் ஆறுமுகம். அதன் பின்னர் இசக்கியம்மாள் இறுதிச் சோதனைக்காக உள்ளே சென்று வந்தார். நாங்கள் வெளியேறி, நுழைவுச் சாவிகளை அவற்றின் பலகையில் திரும்ப மாட்டினோம். ஒரு சாவி குறைந்தாலும் கற்றை புறப்படாது என்பதை அறிவீர்கள்.

பிற்பகல். மேம்பாட்டுப் பணியை ஆராய வந்த மதிப்பீட்டுக் குழுவினர் அடுத்த அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருந்தனர். எங்கள் திரைகளின் நகல் அவர்களுக்கும் தெரிந்தது. இயக்கப் பொறுப்பு என்னுடையது. கற்றை புறப்பட்டு, முதல் ஆறு நிலைகாட்டிகளை ஒழுங்காகக் கடந்தது. ஏழாவதில் சற்றே வலப்பக்கம் விலகியிருப்பதாகத் திரை காட்டியது. இதில் வியப்பில்லை, புதிய எந்திரத்தில் எதிர்பார்க்கக்கூடியதே. திருத்துகாந்தத்தைக் கொண்டு கற்றையை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். சாவந்த் நகர்த்தினார். திரையிலிருந்த புள்ளி சொன்னபடி கேட்டு நடுவை நோக்கி வந்தது. நடுவை எட்டும் தறுவாயில் எச்சரிக்கை மணி அடித்து, கற்றை தானாக நின்றது.

மணியை அடித்தது இழப்புமானி. கற்றையிலிருந்து துகள்கள் சிதறிச் சுவரில் பட்டால் எழும் கதிர்வீச்சை அது எண்ணும். எண்ணிக்கை ஒரு மட்டத்தைத் தாண்டினால் கற்றையை வெட்டிவிடும். மணியடித்தது துருத்திக்குழாயின் அருகிலிருந்த மானி.

மீண்டும் முயன்றோம். மீண்டும் புள்ளி அழகாக நடுவை நெருங்கியது, மீண்டும் மணி. மூன்றாம் முறையும் அவ்வாறே. குழாய்க்குள் இருந்த வெற்றிடத்தின் அளவும் அந்த இடத்தில் இலேசாகக் கெடத் தொடங்கியிருந்தது. இலேசாகத்தான். பிழையென்று அடித்துச் சொல்லவும் முடியாத, புறக்கணிக்கவும் முடியாத அளவு.

ஒரு செய்தியை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இழப்புமானிகள் எங்களிடம் நற்பெயர் எடுத்தவை அல்ல. அந்த வாரம் முழுவதும் கற்றை இல்லாமலேயே மணியடித்து எங்களை ஓடவைத்தவை அவை. நிலைகாட்டிகளோ சோதனை மேசையில் ஒரு குறையும் காட்டாதவை. ஆகவே துறைத்தலைவர் உள்ளே வந்து சொன்னதை அறிவின்மை என்று எண்ணிவிடாதீர்கள்.

"ஏழு நடுவுல காட்டறது. அப்புறம் என்ன தயக்கம்? மானிதான் எப்பவும்போல உளர்றது. மணியடிக்கிற மட்டத்தைக் கொஞ்சம் ஏத்திட்டு ஓட்டுமே."

மட்டத்தை உயர்த்தும் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் யாரோ கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. சாவந்தும் தலைவர் சொன்னதையே ஆமோதித்தார். என்னிடம் எதிர்வாதம் ஏதும் இல்லை.

அப்போதுதான் இசக்கியம்மாள் பேசினார்.

"சார், ஏழு மேல எனக்குச் சந்தேகமா இருக்கு."

தலைவர் திரும்பினார். "நீ பண்ணினதும்மா அது. நீயே நம்பலேன்னா நான் யாரை நம்பறது?"

"காலையில எல்லா கனெக்டரையும் கழத்தித் துடைச்சு, திருப்பி முறுக்கணும் சார். அதான் முறை. ஏழுல எடது பக்கத்துது ஒண்ண மட்டும் கழத்தல. சந்தனம் குங்குமம் வச்சிருந்துச்சு. சாமிக்கு வச்சத எப்படி அழிக்கன்னு, கையால அசைச்சுப் பாத்துட்டு விட்டுட்டேன்."

வாயிலருகே நின்ற ஆறுமுகம் ஓரடி முன்னே வந்தார். "சார், அத மாட்டுனது நாந்தான். மால போட எடைஞ்சலா கேபிள் தொங்கிச்சு. ஒரு நிமிசம் கழத்தி, அதுக்கும் ஒரு பொட்டு வச்சு, திரும்ப மாட்டிட்டேன். கையாலதான் முறுக்குனேன். இந்தப் புள்ளமேல ஒண்ணும் இல்ல."

"மாமா, நீங்க சும்மா இருங்க. செக் பண்ண வேண்டியது நான்."

இடத்தகட்டின் இணைப்பு சரியாக இல்லையெனில் அதன் குறிகை வலுவிழக்கும். கற்றை உண்மையில் நடுவில் இருந்தாலும், வலப்பக்கம் இருப்பதாகவே திரை காட்டும். அதை நம்பி நாங்கள் இடப்பக்கம் தள்ளத் தள்ள, திரையில் புள்ளி நடுவுக்கு வரும். கற்றையோ துருத்திக்குழாயின் இடச்சுவரை உரசும். இசக்கியம்மாள் சொன்னதைக் கேட்டதும் இவ்வளவும் எங்கள் மனத்தில் ஓடிவிட்டது. ஆனால் அது நடக்கக்கூடியது என்பதுதான் தெரிந்தது; நடந்தது என்பது தெரியவில்லை. அவர் தம் கைவினையின்மேல் தாமே பழி சுமத்தியதால் அது உண்மையாகிவிடாது. நேர்மையாளரும் தவறாக ஐயப்படலாம்.

"இப்ப என்ன பண்றதா உத்தேசம்?" என்றார் தலைவர். "கூடத்தைத் திறந்து பாக்கணும்னா கதிர்வீச்சு தணியக் காத்திருக்கணும். அதுக்குள்ள அவா எல்லாம் எழுந்து போயிடுவா. ஒண்ணுமில்லேன்னு ஆச்சுன்னா, இந்தப் பொண்ணோட ஃபைலை நான் எந்த மூஞ்சியோட தூக்கறது?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே விடை தெரியாமல் கேட்டார். அதனால்தான் அது என்னை இன்னும் அஞ்சவைத்தது.

சாவியிலிருந்து கையை எடுத்தேன். கற்றையை நூலாக்கச் சொன்னேன். எந்தச் சுவரில் விழுந்தாலும் கீறலே விழாத அளவுக்கு மெலிந்த கற்றை.

சாவந்த் நாற்காலியைத் திருப்பினார். "சாப், தப் தோ ஹம் அந்தே ஹோ ஜாயேங்கே." அப்படிச் செய்தால் நாம் குருடாகிவிடுவோமே என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கற்றை அவ்வளவு மெலிந்தால் நிலைகாட்டிகளுக்கு எதுவும் தெரியாது. ஏழாவது மட்டுமல்ல, எல்லாத் திரைகளும் வெறுமையாகிவிடும். எஞ்சுவது இரண்டே. வாரம் முழுவதும் பொய்சொன்ன இழப்புமானியின் எண்ணிக்கை ஒன்று. வழியின் இறுதியில் கற்றையை ஏந்தி அளக்கும் உலோகக் கிண்ணம் மற்றொன்று. மட்டத்தைத் தாண்டினால் மணியடிக்கும் மானியை, மட்டத்தை மறந்துவிட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்தேன். பொய்யரிடம்கூட நேற்றைய பேச்சுக்கும் இன்றைய பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கலாம்.

திரைகள் அணைந்ததுபோல் ஆயின. கண்ணாடிக்கு அப்பால் ஒரு சலசலப்பு. தலைவர் எங்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். மறைப்பதற்காகவா, காப்பதற்காகவா என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

"வலது பக்கம், ஓர் இம்மி," என்றேன். திரை நடுவென்று சொன்ன இடத்திலிருந்து கற்றையை விலக்கும் கட்டளை அது.

சாவந்த் நகர்த்தினார். இழப்புமானியின் எண்ணிக்கை சிறிது ஏறியது.

தலைவர் மூச்சு விட்டது கேட்டது. அடுத்த குரல் இன்னும் ஒரு கணம் தாமதித்திருந்தால், நிறுத்துங்கள், பழைய இடத்துக்கே போவோம் என்று நானே சொல்லியிருப்பேன்.

"ஒரு தடவ ஏறினா கணக்கில்ல சார்," என்றார் இசக்கியம்மாள். "அது சும்மாவே அவ்ளோ ஆடும். இன்னொரு தடவ."

இன்னோர் இம்மி வலப்பக்கம். எண்ணிக்கை இறங்கியது. மேலும் ஓர் இம்மி. பாதியாகக் குறைந்தது. அதற்கும் மேல் நகர்த்தியபோது மானி ஏறக்குறைய ஓய்ந்தே போனது; இறுதிக் கிண்ணத்தில் கற்றை நிறைந்து வந்தது. அது போதாது என்று எனக்குத் தோன்றியது. மீண்டும் இடப்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். மானி உடனே முனகத் தொடங்கியது; கிண்ணம் வற்றியது. மறுபடி வலப்பக்கம், அமைதி. இரு வேறு சான்றுகள், இரு திசையிலும், ஒரே சொல்லைச் சொல்லின.

"பஸ், சாப்," என்றார் சாவந்த், போதும் என்னும் பொருளில். கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முழுக் கற்றையோடு மட்டத்தை உயர்த்தி ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் முடுக்குக்கூட்டின் பக்கம் நடக்கும்போதெல்லாம் அந்தத் துருத்திக்குழாயைப் பார்க்காமல் நான் கடந்ததில்லை.

தோழர்களே, இதிலிருந்து இழப்புமானி மெய்யானது, நிலைகாட்டி பொய்யானது என்று பாடம் படித்துவிடாதீர்கள். அடுத்த வாரமே அதே மானி எங்களை ஒருமுறை வீணாக ஓடவைத்தது. எச்சரிக்கையின் மட்டத்தை உயர்த்துவது தவறு என்றும் நான் சொல்லவில்லை. நானே பலமுறை உயர்த்தியிருக்கிறேன். மணி ஏன் அடிக்கிறது என்று அறிந்தபின் உயர்த்துங்கள். வெளியே யாரோ காத்திருக்கிறார்கள் என்பதற்காக உயர்த்தாதீர்கள். அறியும்வரை, பிழைபட்டாலும் கேடு விளையாத அளவுக்குக் கற்றையை மெலியச் செய்யுங்கள். அதற்காகப் பார்வையை இழக்க நேர்ந்தாலும் சரியே. புள்ளி நடுவில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே சுவரை எரிப்பதைவிட, எதையும் பாராமல் தடவித் தடவிச் செல்வது மேல். அவ்வாறு தடவிச் செல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்குக் கடைசிவரை அடித்துக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொள்ளாதவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கவலைதான்.

தலைவர் தாமே மதிப்பீட்டுக் குழுவினரிடம் சென்று, இன்று முழுக் கற்றையைக் காட்ட இயலாது, ஒரு நிலைகாட்டியில் ஐயம் எழுந்திருக்கிறது என்று தெரிவித்தார். என்னை அனுப்பவில்லை. இசக்கியம்மாளையும் அனுப்பவில்லை. இதை அவருடைய கணக்கில் நீங்கள் வரவு வைக்க வேண்டும்.

குழுவின் தலைவியோ எழுந்து எங்கள் அறைக்கே வந்துவிட்டார். நரைத்த கூந்தல், கைத்தறிச் சேலை, மெல்லிய குரல். நடந்ததைக் கேட்டறிந்தபின், இசக்கியம்மாளை நோக்கி ஒரே கேள்வி கேட்டார். மற்ற நிலைகாட்டிகளில் எவற்றுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பேற்பீர்கள்? உரையாடல் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. பொருளைத் தமிழில் தருகிறேன்.

தலைவரின் முகத்தைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் என்று சொல்லிவிடு என அது கெஞ்சியது. ஏனையவற்றை இசக்கியம்மாள் முறைப்படி கழற்றித் துடைத்திருந்தார். அப்படிச் சொல்லியிருந்தால் அது பொய்யும் ஆகாது.

"இப்போதைக்கு ஒன்றுக்கும் இல்லை," என்றார் இசக்கியம்மாள். "ஒவ்வொன்றையும் கற்றையை வைத்தே கேட்டுப் பார்க்க வேண்டும். நாளை மாலை சொல்கிறேன்."

அந்த அம்மையார் தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் மாலைவரை இருப்பதாகத் தம் குழுவினரிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

கதிர்வீச்சு தணிந்தபின், ஆளுக்கொரு சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் சென்றோம். ஏழாவதின் இட இணைப்பை ஆறுமுகம் தாமே கழற்றினார். உள்ளே ஊசிமுனையைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் சந்தனம் காய்ந்து படிந்திருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லது நெனச்சுத்தான் வச்சேன் தாயி."

"தெரியும் மாமா. நானும் நல்லது நெனச்சுத்தான் துடைக்கல."

"உங்கப்பாட்ட என்னன்னு சொல்லப்போறே?"

"வேல போச்சுன்னா சொல்லுதேன். போகலன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஆறுமுகம் சிரிக்க முயன்றார், வரவில்லை. எரிசாராயம் தோய்த்த துணியை அவர் நீட்ட, இசக்கியம்மாள் வாங்கித் துடைத்தார். துடைக்குமுன் ஒரு கணம் அவருடைய விரல்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனதையும், பாதியில் நின்றதையும் கண்டேன்.

மறுநாள் முழுவதும் கற்றையை இடமும் வலமுமாக, மேலும் கீழுமாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலைகாட்டியும் நகர்ந்த அளவைச் சரியாகச் சொல்கிறதா, அது நடு என்னும் இடத்தில் மானியும் கிண்ணமும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டோம். சலிப்பூட்டும் வேலை. மாலையில் இசக்கியம்மாள் குழுவின் முன் சென்று, எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கிறேன் என்றார். அதன் பிறகே முழுக் கற்றை முடுக்குக்கூட்டைக் கடந்தது. கோப்பில் தலைவர் கையொப்பமிட்டார். இன்று நீங்கள் கேள்வியில்லாமல் பின்பற்றும் அந்த நாள்முழுச் சோதனை இப்படித்தான் வந்தது. பூசை நிற்கவில்லை, இறுதிச் சோதனை முடிந்தபின் நடக்கிறது. பொட்டு இணைப்புகளில் வைப்பதில்லை, எந்திரத் தாங்கியின் காலில் வைக்கிறார்கள். ஆறுமுகம் தாமே செய்த மாற்றம் அது, எவரும் ஆணையிடவில்லை.

இவ்வளவும் நினைவிலிருந்து எழுதியது. நான் பெரும்பாலும் திரையையும் மானியையும் பார்த்துக்கொண்டிருந்தவன். மனிதர்களின் முகங்களை அரிதாகவே பார்த்தேன். பேச்சுகளின் வரிசையில் பிழை இருக்கலாம். தலைவர் மட்டத்தை உயர்த்தச் சொன்னது ஒருமுறையா பலமுறையா என்பதில் சாவந்துக்கும் எனக்கும் கருத்து ஒன்றவில்லை. அன்று அறையில் இருந்தவர்கள் தயங்காமல் எழுதித் திருத்துங்கள். குறிப்பாக ஓர் ஐயம். ஒன்றுக்கும் இல்லை என்று சொன்னபோது இசக்கியம்மாளின் குரல் நடுங்கியதாக ஒருவர் சொல்கிறார். இல்லவே இல்லை என்கிறார் மற்றொருவர். அவரிடமே கேட்டேன், நினைவில்லை என்றார். எனக்கு என் நெஞ்சடிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு மிக அருகில் நின்றவர் எவரேனும் இதைப் படித்தால், உண்மை எது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.